அகர வரிசையில் ஓர் அடுக்களை

வடிவின் கை அந்தரத்தில் நின்றது.

வடிவு என் மனைவி. களக்காட்டில் தங்கை வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு அன்று மத்தியானம்தான் அம்பாசமுத்திரத்துக்குத் திரும்பியிருந்தாள். முகம் கழுவினாள், சேலை மாற்றினாள், காப்பி போட அடுக்களைக்குள் போனாள். நான் பின்னாலேயே போய் வாசல் நிலையில் சாய்ந்து நின்றுகொண்டேன். பாராட்டு வரும், வரும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பாலை அடுப்பில் வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே இடது கையை அலமாரிப் பக்கம் நீட்டினாள். அங்கே எப்போதும் ஒரு தூக்குவாளி இருக்கும். பிடி கோணலானது. அதில்தான் சீனி. அன்று அது அங்கே இல்லை. நீட்டிய கை அப்படியே நின்றது. விரல்கள் ஒருமுறை விரிந்து மூடின. வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானத் தூக்கத்தில் கண் செருகும்போது இன்றைக்கும் அந்தக் கை என் நினைவில் வருகிறது.

"எப்படி இருக்கு?" என்றேன்.

அவள் கை மெல்ல இறங்கி ஒரு மூடியைத் தொட்டது. பிறகு அடுத்த மூடி. பிறகு அதற்கடுத்தது.

"எல்லாம் ஒண்ணு போல இருக்கே" என்றாள்.

"அதானே அழகு" என்றேன்.

இப்போது நினைத்தால் என் வாயில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது. வடிவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அது எனக்குத் தெரியாது. தெரியாமல் அவளுடைய அடுக்களையை நான் ஒழுங்குபடுத்திவிட்டேன். அதனால் இந்த வீட்டையே விட்டுப் போக வேண்டிய நிலைக்கு அவளைக் கொண்டுவந்தும் நிறுத்திவிட்டேன்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் என் ரெக்கார்டு ரூம் நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கத்தரிக்கோலைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆகிறது. வீட்டை ஒழுங்காக வைத்துக்கொள்ள உங்கள் அனுபவத்தில் சில எளிய யோசனைகள் சொல்லக் கூடாதா?"

கேட்ட வாயில் சர்க்கரை போட வேண்டும். ஆனால் அம்மா, நீங்கள் கேட்டிருக்கும் ஆள் சரியான ஆள் இல்லை. எனக்குத் தெரிந்த யோசனைகள் எல்லாம் ஓர் அடுக்களையைக் குட்டிச்சுவராக்கிய பிறகு கற்றுக்கொண்டவை. பரவாயில்லை என்றால் மேலே படியுங்கள்.

தூசிக்குள் ஒரு ராஜாங்கம்

வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் நான் இருந்தது பழைய கோப்புகள் வைக்கும் அறையில். உயரமான ஜன்னல் ஒன்று. அதன் வழியாக மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு துண்டு வெயில் வந்து தரையில் படுக்கும். அந்த வெயிலில் தூசி மிதப்பதைப் பார்த்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தேன். பழைய காகிதத்துக்கு ஒரு வாசம் உண்டு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. அது என் சட்டையிலும் ஏறிவிடும். வடிவு துவைக்கும்போது மூக்கைச் சுளிப்பாள்.

ஊர் வாரியாக, அதற்குள் பெயர் வாரியாக, எல்லாம் அகர வரிசை. யாருடைய தாத்தாவுடைய வயலுக்கு யார் எப்போது மனு கொடுத்தார் என்று கேட்டால், கேட்டவர் உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் கோப்பு மேசைக்கு வந்துவிடும். "அண்ணாச்சி கைல மந்திரம் இருக்குவே" என்று வெளியே பேசிக்கொள்வார்கள். எனக்குப் பெருமை பிடிபடாது.

ஓய்வு பெற்றதும் அந்தப் பெருமைக்குப் போக்கிடம் இல்லாமல் போயிற்று. காலையில் எழுந்தால் வரிசைப்படுத்த ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் செய்தித்தாள்களைத் தேதி வாரியாக அடுக்கினேன். பிறகு செருப்புகளை. பிறகு என் கண் அடுக்களை மேல் விழுந்தது.

வடிவின் டப்பாக்கள்

எங்கள் அடுக்களை கொஞ்சம் இருட்டு. ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். அந்த மங்கலில் வடிவின் அலமாரியைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும்.

சீனி கோணல் பிடித் தூக்குவாளியில் இருக்கும். மிளகாய்ப் பொடி, மூலையில் நசுங்கிய பிஸ்கட் டப்பாவில். உப்பு, விளிம்பு உடைந்த பீங்கான் ஜாடியில். துவரம்பருப்பு இருப்பது ஏதோ ஒரு பால்பவுடர் டின். பாசிப்பருப்பும் அதே மாதிரி டின்தான், ஆனால் கழுத்தில் ஒரு சணல் கட்டியிருக்கும். டப்பா மேல் ஒன்று போட்டிருக்கும், உள்ளே வேறொன்று இருக்கும். உயரமும் குட்டையும் சதுரமும் உருண்டையும் பக்கத்துப் பக்கத்தில். கோதுமை மாவு மேலே இருக்க, கோலப்பொடி மட்டும் எங்கோ கீழே, பின்வாசல் பக்கம் ஒரு கொட்டாங்கச்சியில்.

"இதுல என்ன இருக்குன்னு வேற யாருக்கும் தெரியுமா?" என்று நான் கேட்பேன்.

"வேற யாரு சமைக்கா?" என்பாள்.

எனக்கு எரிச்சல் வரும்.

இருபத்து நான்கு நீல மூடிகள்

அவள் களக்காட்டுக்குப் பஸ் ஏறிய மறுநாளே நான் கடைக்குப் போனேன். ஒரே அளவில் இருபத்து நான்கு பிளாஸ்டிக் ஜாடிகள், நீல மூடி. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்து, மாடியில் காயவைத்தேன். சாரல் விட்டுவிட்டு வந்ததால் நாலைந்து முறை ஏறி இறங்க வேண்டியிருந்தது. அச்சுப் போல வெள்ளைத் தாளில் பெயர் எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தைப் பற்றி நானே சொல்லக் கூடாது.

பிறகு அகர வரிசை. அரிசி மாவு, உப்பு, உளுந்து, கடுகு, கோதுமை மாவு, கோலப்பொடி, சீரகம், சீனி. அடுக்கி முடித்துவிட்டு நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தேன். அந்த மங்கல் வெளிச்சத்தில் நீல மூடிகள் வரிசையாக நின்றன. என் பழைய அறை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது.

அஞ்சறைப் பெட்டியையும் கவிழ்த்துக் கொட்டி ஜாடிகளில் பிரித்துவிட்டேன். பெட்டியும் பீங்கான் ஜாடியும் பரணுக்குப் போயின. மற்ற டப்பாக்களைச் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக்காரர் வண்டியில் ஏற்றினேன். அவர் பதிலுக்கு ஒரு பக்கெட் கொடுத்தார். அதுவும் நீலம்.

கோலப்பொடி

காப்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது. வந்தது. பயணக் களைப்பு என்று நினைத்து முன்னறைக்குப் போய்விட்டேன்.

சாயங்காலம் சப்பாத்திக்கு மாவு பிசைகிறேன் என்றாள். கொஞ்ச நேரத்தில் அடுக்களையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். தரையில் தாம்பாளம். அதில் வெள்ளையாக ஒரு குவியல். வடிவு அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு சிட்டிகையை விரலில் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நாக்கு நுனியில் வைத்தாள்.

"இது கோலப்பொடியில்லா" என்றாள்.

"அதுல எழுதித்தானே ஒட்டியிருக்கு?"

அவள் நிமிரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ரெண்டு வருசமா" என்றாள். "நடுவுல கொஞ்சம் தெரியும். அதுவும் புகை மூட்டமா. சுத்தி எல்லாம் இருட்டு. எழுத்து ஒண்ணும் தெரியாது."

அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா உமா வந்து மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயிருவா. அதான்."

உமா எங்கள் ஒரே மகள். சென்னையில் வேலை, ஏழாவது மாடியில் வீடு.

"என் டப்பாவெல்லாம் எங்க?" என்று கேட்டாள் வடிவு.

நான் சொன்னேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பார்த்தும் பார்க்காதவை

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

கொஞ்ச காலமாகவே வாசலில் அவள் போடும் கோலத்தில் புள்ளிகள் வரிசை தப்பின. "என்ன, புள்ளியெல்லாம் ஆத்துக்குக் குளிக்கப் போகுதா?" என்று கேலி செய்தேன். அவளும் சிரித்தாள். ஆற்றுக்குப் போனால் படித்துறையில் இறங்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பாள். சாமி பேர் சொல்கிறாள் என்று நினைத்தேன். படி எண்ணியிருக்கிறாள். கடைசிப் படியில் தாமிரபரணி காலை நனைத்ததும் முணுமுணுப்பு நின்றுவிடும். தண்ணீரில் இறங்கிவிட்டால் அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தளவு நிற்பாள். முகம் பாபநாசத்து மலைப் பக்கம் திரும்பியிருக்கும். அப்போது அவளுக்கு வயதே இல்லை.

கதவை அரைகுறையாகத் திறந்து வைத்தால் திட்டுவாள். "ஒண்ணு முழுசாத் திறங்க, இல்ல முழுசா மூடுங்க." இவளுக்கு ஏன் இந்தக் கதவுப் பைத்தியம் என்று நான் அலுத்துக்கொண்டேன். பாதி திறந்த கதவு நெற்றியில் இடித்து வீங்கியதை, மாவு டின் விழுந்தது என்று சொல்லியிருக்கிறாள். வாசகி அம்மா, இந்த ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவோ இழுப்பறையோ, ஒன்று முழுதாகத் திறந்திருக்கட்டும், இல்லை முழுதாக மூடியிருக்கட்டும். கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் இது நல்லது.

எந்த ஊர்க் கோப்பு எந்த அடுக்கில் என்று தெரிந்தவன், பக்கத்தில் இருப்பவள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பதைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது.

மருந்துக்கு ஒரு ரப்பர் பேண்டு

திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் அழுத்தம் என்றார். போன பார்வை திரும்ப வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது என்றார். இரண்டு சொட்டு மருந்து. இரண்டு பாட்டிலும் ஒரே உயரம், ஒரே மூடி.

பஸ்ஸில் திரும்பும்போதே வடிவு தன் முடியிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து ஒரு பாட்டிலில் சுற்றினாள். "பேண்டு போட்டது காலைல. போடாதது சாயந்திரம்" என்றாள். அவ்வளவுதான். நானாக இருந்தால் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பேன். இது இரண்டாவது யோசனை.

உமாவுக்குப் போனில் சொன்னோம். அழுதாள். பிறகு கோபப்பட்டாள். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது.

"யப்பா, அம்மா இனிமே அடுப்புப் பக்கமே போகக் கூடாது. சேலைல தீப்பிடிச்சா என்ன செய்வீங்க? ரெண்டு பேரும் இங்க வந்துருங்க. வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்."

நான் கிட்டத்தட்ட சரி என்றே சொல்லிவிட்டேன். பயந்துபோயிருந்தேன். வடிவு போனை வாங்கினாள்.

"ஏட்டி, நான் சொல்லுதத கேளு. இந்த வீட்டுல எனக்குக் கண்ணு தெரியும். அங்கன வந்தாத்தான் நான் குருடி."

ஆடி கழிந்து இரண்டு நாள் லீவு போட்டு வருவேன், நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வேன் என்றாள் உமா. போனை வைத்ததும் வடிவு நீல மூடிகள் இருந்த திசையில் திரும்பினாள். அவளால் அப்போது அந்த அடுக்களையில் என் உதவி இல்லாமல் ஒரு ரசம்கூட வைக்க முடியாது. அதை அப்படி ஆக்கியது நான்.

பழைய இரும்புக் கடை

மறுநாள் காலை முதல் வேலையாகப் பழைய இரும்புக் கடைக்கு ஓடினேன்.

"அண்ணாச்சி, அதெல்லாம் போன வாரமே லோடு போயிட்டுல்லா" என்றார் கடைக்காரர்.

"கொஞ்சம் தேடிப் பாக்கட்டுமா?"

"தகர டப்பாவத் தேடியா வந்திய?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானும் குவியலுக்குள் இறங்கினார். துருப்பிடித்த சைக்கிள் ரிம்கள், வாய் பிளந்த மண்ணெண்ணெய் அடுப்புகள், யார் யார் வீட்டிலோ சோறு பொங்கிய பானைகள். சாரல் ஈரத்தில் எல்லாம் லேசாக மினுங்கியது. ஒரு ஊரே அங்கே படுத்துத் தூங்குவதாகத் தோன்றியது. மத்தியானம்வரை தேடினோம்.

இரண்டுதான் கிடைத்தன. கோணல் பிடித் தூக்குவாளி, நசுங்கிய பிஸ்கட் டப்பா.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்தேன். நசுங்கிய மூலையைத் தடவிப் பார்த்தாள். "வந்துட்டியா" என்று டப்பாவைப் பார்த்துச் சொன்னாள்.

வேகாத சமையல்

டப்பா இரண்டு போதாது. பரணிலிருந்து பீங்கான் ஜாடியும் அஞ்சறைப் பெட்டியும் இறங்கின. மற்றவற்றுக்கு நீல மூடி ஜாடிகளையே மாற்றி அமைத்தோம். பாசிப்பருப்புக்குச் சணல். துவரம்பருப்புக்கு ஒன்றும் இல்லை. உளுந்துக்கு மூடியில் ஒரு சட்டைப் பித்தான் ஒட்டினேன். கோலப்பொடி கொட்டாங்கச்சிக்கும் பின்வாசலுக்கும் திரும்பிப் போனது. சாப்பிடுவதும் சாப்பிடாததும் ஒரே அலமாரியில் இருக்கக் கூடாது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எதை எங்கே வைப்பது? அங்கேதான் சிக்கல்.

"உப்பு எங்கன இருந்துச்சு?" என்று கேட்டேன்.

வடிவு யோசித்தாள். "இடது பக்கம்... இல்ல, நடுவுல... கேட்டா தெரியலயே. கைக்குத்தான் தெரியும்."

சாப்பாடு முடிந்த ஒரு மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. மலையிலிருந்து வந்த காற்று ஜன்னலில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அலமாரியைச் சுத்தமாகக் காலி செய்தேன். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டேன்.

"சும்மா சமைக்க மாதிரி சமை. சொதி வை" என்றேன்.

"அடுப்பு இல்லாமலா? ஆளப் பாரு" என்று சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

பிறகு எழுந்து நின்றாள். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பற்றாத அடுப்பில் காலிச் சட்டியை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கை நகர ஆரம்பித்தது. மேலே போனது, நின்றது. நின்ற இடத்தில் பலகை மேல் ஒரு வட்டம் போட்டேன். "என்னது இது?" "பாசிப்பருப்பு." எழுதினேன். கை கீழே வந்தது, இடது பக்கம் போனது, வளைந்து எதையோ அள்ளியது. வட்டம். "உப்பு." அந்தக் கைக்குத் தயக்கமே இல்லை.

"தேங்காய மூணு பாலா எடுத்தாச்சு. மூணாம் பாலுல காய் வேகுது" என்றாள், பாதித் தூக்கத்தில் பேசுவது போல. "முருங்கக்கா, கேரட்டு, உருளக்கெழங்கு. பைய கிண்டணும்." காலிச் சட்டிக்குள் கரண்டி மெல்லச் சுற்றியது. "ரெண்டாம் பாலு ஊத்தியாச்சு. இஞ்சி போட்டாச்சு." எரியாத தீயைக் குனிந்து குறைத்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்தாள். எனக்குச் சொதி மணத்தது. சத்தியமாக மணத்தது.

சொதி முடிந்து புளிக்குழம்பு வைத்தாள். பிறகு ரசம். பிறகு உளுந்தங்களி. பிறகு காப்பி. அந்த மத்தியானம் ஐந்து சமையல் ஆயிற்று, ஒன்றும் வேகவில்லை. அலமாரி முழுக்க வெள்ளை வட்டங்கள்.

ஒரு வட்டம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. காப்பியையும் களியையும் தவிர மற்றச் சமையலில் எல்லாம், முடிகிற நேரத்தில் அவள் கை கரண்டியோடு அலமாரியை விட்டு விலகி, வாசல் நிலைப் பக்கம் நீளும். நெஞ்சு உயரத்தில் ஒரு கணம் நிற்கும். திரும்பும். நானும் நிலைச் சட்டத்தில் வட்டம் போட்டுவிட்டு, பெயர் எழுத இடம் விட்டிருந்தேன்.

"இங்க என்ன டப்பா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

வடிவு கண்ணைத் திறந்தாள்.

"அங்கனயா? அங்கன டப்பா எங்க இருந்துச்சு. அங்கன நீங்கல்லா நிப்பிய, உப்புப் பாக்க."

உண்மைதான். ஆபீசுக்குக் கிளம்பும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கே வந்து நிற்பேன். உள்ளங்கையை நீட்டுவேன். ஒரு துளி ஊற்றுவாள், நக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வேன். ஓய்வு பெற்ற பிறகு அவசரம் ஏது, நேரே இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறேன். நான் அங்கே நிற்பதை விட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அவள் கை விடவில்லை.

நான் அந்த வட்டத்தை அழிக்கவில்லை. பெயரும் எழுதவில்லை.

உமா வந்த நாள்

அதற்குப் பிறகு ஒரு மாதம் பழகினோம். வீட்டில் ஒரே ஒரு சட்டம். எடுத்தவர் எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வைக்க வேண்டும். சட்டத்தை மீறுவது எப்போதும் நானாகத்தான் இருக்கும். பெருங்காய டப்பாவை ஒரு விரல் தள்ளி வைத்துவிட்டாலும் உள்ளேயிருந்து குரல் வரும். "இத யாரு நகத்துனது?" வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

அழகாக இருக்கும் இடத்தில் வைக்காதீர்கள், கை போகும் இடத்தில் வையுங்கள். கத்தரிக்கோலைத் தேடும் வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அவசரத்தில் முதலில் எங்கே தேடுகிறீர்களோ, கத்தரிக்கோலின் இடம் அதுதான். கிடைத்ததும் அங்கேயே வைத்துவிடுங்கள். புதிதாக வீட்டுக்குள் வரும் பொருளுக்கென்று ஒரு தட்டைக் காலியாகவே விட்டுவையுங்கள். எங்கள் அலமாரியில் கீழ்த்தட்டு எப்போதும் வெறுமையாக இருக்கும். பார்க்கவே மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது.

ஆடி கழிந்து உமா வந்தாள். வந்த அன்று அம்மாவைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலை, அடுக்களையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள், பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சர் மாதிரி. என்னை உள்ளே விடவில்லை.

"நீங்க முன்னறைல இருங்கப்பா. நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது."

"என்னட்டி வைக்கட்டும்?" என்று கேட்டாள் வடிவு.

"சொதி" என்றாள் உமா.

நான் முன்னறையில் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு காதை அடுக்களையில் வைத்திருந்தேன். மூடி திறக்கும் சத்தம். சட்டி. தீக்குச்சி. கடுகு வெடித்தது. கரண்டி சுற்றும் சத்தம், மெல்ல, மெல்ல. எங்கேயும் தட்டவில்லை, எதுவும் விழவில்லை. உமா என்ன நினைக்கிறாள் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"யப்பா" என்று குரல் வந்தது. "அம்மா கரண்டிய நீட்டிட்டு நிக்கா. வாங்க."

ஓடினேன். நிலையில் வட்டம் கொஞ்சம் மங்கியிருந்தது. அதன் பக்கத்தில் போய் நின்று உள்ளங்கையை நீட்டினேன். சுடச்சுட ஒரு துளி வந்து விழுந்தது. நக்கிப் பார்த்தேன். உப்பு மிகச் சரியாக இருந்தது.

உமா முக்காலியில் இருந்தபடி எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கணம் யோசித்தேன்.

"உப்பு கொஞ்சம் பத்தலயே" என்றேன்.

வடிவு திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே இடது கையை நீட்டினாள். கை கீழே போனது, வளைந்தது, உடைந்த விளிம்பைத் தொட்டது, மூடியைத் தள்ளியது. விரல் நுனியில் சிறிது உப்பு எடுத்துச் சட்டியில் தூவிவிட்டு ஜாடியை மூடியது. அதற்குள் உமா எழுந்து நின்றுவிட்டாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

சாப்பிடும்போது சொதி கொஞ்சம் கரித்தது. உமா இரண்டு தடவை வாங்கி ஊற்றிக்கொண்டாள். சென்னைப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுநாள் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது மட்டும், "கரண்டிக் காம்பு சுடுது போல. மரப்பிடி வச்சது ஒண்ணு அனுப்புதேன்" என்றாள்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். சாரல் ஓய்ந்து தெரு காய ஆரம்பித்திருந்தது. வடிவு என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் முந்தின நாள் சொன்ன பொய்யை அவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

"நேத்து உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள் அவளே. "எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பின்ன ஏன் போட்ட?"

"அவ பாக்கணும்லா."